ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே

திபிலிசியில், தெம்கா குடியிருப்பில், எங்கள் லிஃப்ட்
இன்று மாலையும் நின்றுவிட்டது.
ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே
என் மகள்.

என் கைப்பேசியில் அவள் ஒரு நீலப் புள்ளி.
பள்ளியிலிருந்து கிளம்பினாள்,
மெட்ரோவுக்குள் மறைந்து மறுபக்கம் முளைத்தாள்,
ரொட்டிக்கடை வாசலில் நான்கு நிமிடம் நின்றாள்
(யாரோடு என்று புள்ளி சொல்லாது),
கட்டடத்துக்குள் நுழைந்தாள்,
அணைந்துபோனாள்.

ஒன்பதாம் மாடியிலிருந்து படியில் ஓடினேன்.
ஒரு காலில் செருப்பு, மறுகாலில் வெறும் காலுறை.

இந்தப் பெட்டியை எனக்குத் தெரியும்.
அம்மா சியாலா இதில் முதன்முதலாக ஏறியபோது
அவளுக்குப் பதினான்கு, சுவருக்குப் பெயின்ட் வாசனை.
கழுத்தில் சிவப்புத் துணி, தானே இஸ்திரி போட்டது.
சட்டைக்குள் நூலில் தொங்கும் வீட்டுச் சாவி.
காலையில் போனால் தெருவிளக்கு எரியும்வரை
யாரும் தேடியதில்லையாம்.
"தேடுவதற்கு நாங்கள் என்ன காணாமலா போனோம்?"
ஆனால் நாட்குறிப்பை ஒளித்துவைக்க
ஓர் இழுப்பறைகூட அவளுக்கென்று இல்லை;
ஓர் அறையில் ஐந்து பேர்.
பதினெட்டில் நான் பிறந்தேன்.
அவளுடைய வாலிபம் ஒரு கோடை விடுமுறை அளவு,
அதிலும் பாதி மழை.

எனக்குப் பதின்மூன்றில் மின்சாரம் இல்லை.
இல்லை என்றால் ஒரு மாலை அல்ல, வருடக்கணக்கில்.
விடிகாலை மூன்று மணிக்கு ரொட்டி வரிசை,
உள்ளங்கையில் பேனாவால் எழுதிய எண்.
அழித்துவிடக் கூடாதென்று கைகழுவாமல் தூங்குவேன்.
தெருவில் துப்பாக்கி வெடித்தால்
குளியல்தொட்டிக்குள் படுத்துக் கணக்குப் போட்டேன்.
ஏங்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை.
"அந்தக் காலம்..." என்று யாராவது ஆரம்பித்தால்
எழுந்து போய்விடுவேன்.

ஒன்றைத் தவிர.

ஒரு டிசம்பரில் திடீரென்று விளக்கு வந்தது.
ஆசைக்கு லிஃப்ட்டில் ஏறினேன்.
நாலாம் மாடி மல்ஹாஸும் ஆசைக்குத்தான் ஏறினான்.
போய்விட்டது. நான்கு மணி நேரம்.
கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு.
சுகுமியிலிருந்து அப்பா இனி வரமாட்டார் என்று
அன்றுதான் அவன் வாய்விட்டுச் சொன்னான்.
என் உடம்புக்கு வந்திருந்த புதுச் சேதியை,
அம்மாவுக்கே சொல்லாததை,
நான் அவனிடம் சொன்னேன்.
பிறகு அவன் பையிலிருந்த சூரியகாந்தி விதைகளைக் கொறித்தோம்.
நீங்கள் நினைப்பது நடக்கவில்லை.
கதவை நெம்பியபோது இறங்கியவள் வேறொருத்தி.
"எங்கே போய்த் தொலைந்தாய்?"
"லிஃப்ட்டில்."

அதற்குப் பிறகு காசுப் பெட்டி வந்தது.
தம்பி கோச்சா இருபது தெத்ரி நாணயத்தில் துளைபோட்டு
தூண்டில் நூல் கோத்து
ஒரே காசில் ஒரு குளிர்காலம் முழுக்க ஏறினான்.
இப்போது அட்டை. மூலையில் கேமரா.
எவள் எத்தனை மணிக்கு எவனோடு ஏறினாள் என்று
எட்டாம் மாடி தரேஜான்
கட்டட வாட்ஸப் குழுவில் படத்தோடு போடுவாள்.
நானும் பார்ப்பேன். பொய் சொல்வானேன்,
பெரிதாக்கியும் பார்ப்பேன்.

கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்தினேன்:
நுட்சா! பயப்படாதே! ஆள் வருகிறான்!
சத்தமில்லை.
நுட்சா!

"அம்மா," உள்ளிருந்து, ரொம்ப மெதுவாக,
"கேமரா விளக்கு அணைஞ்சிருக்கு. நெட்டும் இல்லை."
தெரியும் கண்ணே, இதோ, பத்தே நிமிஷம்.
"அவசரம் இல்லை."

அப்புறம் ஒரு சிரிப்பு.
அவளுடையது அல்ல.
அடக்கப் பார்த்து முடியாமல் போன சிரிப்பு.

பழுதுபார்ப்பவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்,
ஒரு கையில் ஸ்பேனர், வாயில் பற்றவைக்காத சிகரெட்.
"எங்கே சிக்கியிருக்கு?"

காலுறைப் பாதம் விறைத்துப்போயிருந்தது.

மேலே, என்றேன்.
ஒன்பதாம் மாடி.